அம்மா சங்கிலியும் ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமராவும்

இந்த வாரம் மெக்கானிக்கல் கீபோர்டு பத்திப் பேசுறதாத்தான் இருந்தேன். அதை ஒரு வாரம் தள்ளி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு வாய்ஸ் நோட்டு வந்துச்சு. அனுப்பினவருக்கு திருமங்கலம் பக்கம் ஒரு ஊரு, வயசு 23. பேரு சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு, அதனால தம்பின்னே சொல்றேன்.

விஷயம் இதுதான். தம்பி ரெண்டு வருஷமா ஒரு கல்யாண போட்டோகிராபர் கிட்ட அசிஸ்டென்ட். லைட் பிடிக்கிறது, பேட்டரி மாத்துறது, நடுநடுவுல அண்ணன் கேமராவைக் குடுத்தா கூட்டத்தைப் படம் எடுக்கிறது. இப்ப சொந்தமா தொடங்கணும். கையில கேமரா இல்ல. அம்மாவோட சங்கிலியை அடகு வச்சா 1,60,000 ரூபாய் கிடைக்கும். அம்மாவும் சரின்னுட்டாங்க. கடையில போய்க் கேட்டிருக்காரு. "ஃபுல் ஃப்ரேம் எடுத்துருங்க தம்பி, கிட் லென்ஸோட வந்துரும், லென்ஸ் எல்லாம் மெதுவா பாத்துக்கலாம்"னு சொல்லியிருக்காங்க. தம்பி என்கிட்ட கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அண்ணே, அந்த பாடி நல்ல பாடிதானே?"

நல்ல பாடிதான். அதுல எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு, ஏன்னா அதே கேள்வியை அதே தொனியில நான் கேட்டிருக்கேன். அதுக்கு மாசாமாசம் இ.எம்.ஐ. கட்டியிருக்கேன்.

என் கதையை முதல்ல சொல்லிடுறேன். சாஃப்ட்வேர்க்காரன் கேமரா வாங்குனா என்ன பண்ணுவான்? எக்ஸெல் ஷீட் போடுவான். நானும் போட்டேன். பதினேழு காலம். மெகாபிக்சல், செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம், ஆட்டோஃபோக்கஸ் பாயின்ட் எத்தனை, வியூஃபைண்டர் எத்தனை டாட், எடை எத்தனை கிராம். ஒவ்வொண்ணுக்கும் வெயிட்டேஜ் குடுத்து மார்க் போட்டு, கடைசியில ஒரு ஃபுல் ஃப்ரேம் பாடி ஜெயிச்சுது. பிராண்டு எதுன்னு சொல்லப் போறதில்ல, தப்பு கேமரா மேல இல்ல. அந்தப் பதினேழு காலத்துல "எந்த லென்ஸ்" அப்படிங்கிற காலமே இல்ல. "எங்க நின்னு, எந்த வெளிச்சத்துல, எதை எடுக்கப் போற" அப்படிங்கிற காலமும் இல்ல. காசெல்லாம் பாடிக்கே போயிருச்சு. கூட வந்த கிட் லென்ஸ் ஸூம் பண்ணா எஃப் 5.6. போதும்னு நினைச்சேன்.

2023 சித்திரைத் திருவிழா. மே 5 விடியக்காலை அழகர் வைகையில இறங்குறாரு. மதுரைக்காரங்களுக்கு இதை விளக்கணும்னு இல்ல, வெளியூர்ல இருந்து கேட்கிறவங்களுக்காகச் சொல்றேன். அழகர்மலையில இருந்து கிளம்பி வர்றவரை மூன்றுமாவடியில எதிர்சேவை பண்ணி ஊருக்குள்ள கூட்டிட்டு வருவாங்க. ராத்திரி தல்லாகுளத்துல இருப்பாரு, விடியும்போது தங்கக் குதிரையில ஆத்துக்குள்ள. எங்க அப்பத்தா வருஷம் தவறாம செம்புல சர்க்கரை நிரப்பி, மேல தீபம் ஏத்தி, தல்லாகுளத்துல நிக்கும். அந்த வருஷம் அதுக்கு 78. அந்தத் தீப வெளிச்சத்துல அப்பத்தா முகத்தை ஒரு படம் எடுக்கணும், அவ்வளவுதான் எனக்கு ஆசை. கேமரா வாங்குனதுக்கு வீட்டுல நான் சொல்லி வச்சிருந்த காரணமே அதுதான்.

மணி காலை மூணரை இருக்கும். தெருவிளக்கு ஒரு பக்கம், தீபம் ஒரு பக்கம். எஃப் 5.6-ல ஐ.எஸ்.ஓ.வை 12800-க்கு ஏத்தியும் ஷட்டர் 1/30-க்கு மேல போக மாட்டேங்குது. சுத்திக் கூட்டம் இடிக்குது, அப்பத்தா "கோவிந்தா"ன்னு தலையை அசைச்சுக்கிட்டே இருக்கு. வந்த படத்துல தீபம் மட்டும் தெளிவா இருக்கு. அப்பத்தா ஒரு மஞ்சள் புகை மாதிரி தெரியுது. அறுபது படம் எடுத்தேன், அறுபதும் அப்படித்தான்.

கூட வந்த அத்தை மகன், அதாவது எங்க மச்சான், அவன்கிட்ட ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். இருந்துச்சு. செகண்ட்ஹேண்டுல வாங்குன ஏ.பி.எஸ்-சி பாடி, கிரிப்புல ரப்பர் பிஞ்சு தொங்கும். அதுல ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் போட்டிருந்தான். பிளாஸ்டிக் லென்ஸ், கையில எடுத்தா பொம்மை மாதிரி இருக்கும். "இந்தா மாப்ள, இதுல எடு"ன்னு குடுத்தான். ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் 1/125. நாய்ஸ் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா கண்ணு கண்ணா இருந்துச்சு. அந்தப் படம்தான் இப்ப அப்பத்தா வீட்டு நடையில மாட்டியிருக்கு. "என்னடா இம்புட்டுச் சுருக்கம் தெரியுது"ன்னு ஒரு வாரம் திட்டுச்சு, அது வேற கதை.

சரி, ஏன் இப்படி ஆச்சு? கணக்கு ரொம்பச் சின்னது. சென்சார் அளவுல இருந்து தொடங்குவோம். ஃபுல் ஃப்ரேம்னா 36க்கு 24 மில்லிமீட்டர். பெருக்கினா 864. ஏ.பி.எஸ்-சி சென்சார் சோனி, நிக்கான், ஃபியூஜில கிட்டத்தட்ட 23.5க்கு 15.6, அதாவது 367 பக்கம். கேனான்ல இன்னும் கொஞ்சம் சின்னது. ஆக ஃபுல் ஃப்ரேம் சென்சார் சுமார் 2.3 மடங்கு பெருசு. அதே அப்பர்ச்சர், அதே ஷட்டர் வச்சா அத்தனை மடங்கு வெளிச்சத்தைப் பிடிக்கும். போட்டோ பாஷையில ஒண்ணேகால் ஸ்டாப். இதுக்காகத்தான் பாடிக்கு அரை லட்சம், ஒரு லட்சம் கூடுதலாக் குடுக்கிறோம்.

இப்ப லென்ஸ் பக்கம் வாங்க. எஃப் 5.6-க்கும் எஃப் 1.8-க்கும் எவ்வளவு வித்தியாசம்? 5.6-ஐ 1.8-ஆல வகுத்து ஸ்கொயர் பண்ணுங்க. 9.7 வரும். கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய எல்லா கம்பெனியும் போடுது. புதுசு 15,000-ல இருந்து 25,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும், பழசு இன்னும் கம்மி. ஒரு லட்சம் குடுத்து 2.3 மடங்கு, இருபதாயிரம் குடுத்து பத்து மடங்கு. என் எக்ஸெல் ஷீட்டுல இந்த ஒரு வரி இருந்திருந்தா பதினேழு காலத்துக்கும் வேலையே இருந்திருக்காது.

இதுல ஒரு விலை இருக்கு, அதையும் சொல்லிடணும். எஃப் 1.8-ல ஃபோக்கஸ் ஆகுற ஆழம் ரொம்பக் குறைவு. மச்சான் கேமராவுல அன்னைக்கு நான் நாப்பது படம் எடுத்திருப்பேன், கண்ணு சரியா விழுந்தது நாலோ அஞ்சோதான். மத்ததுல மூக்குத்தி பளிச்சுன்னு இருக்கும், கண்ணு மங்கலா இருக்கும். அடுத்தது, 50 மி.மீ. லென்ஸ் ஏ.பி.எஸ்-சில போட்டா 75, 80 மி.மீ. மாதிரி பார்வை. ஒரு முகத்துக்கு அருமை. கல்யாண மண்டபத்துல மணமேடைக்கு முன்னாடி எட்டு அடி தூரத்துல நின்னு மாப்பிள்ளை, பொண்ணு, ஐயரு, ரெண்டு பக்க அம்மா அப்பா எல்லாரையும் ஃப்ரேமுக்குள்ள கொண்டு வரணும்னா முடியாது. பின்னாடி போகலாம்னா வீடியோக்காரர் டிரைபாட் மேல விழணும்.

அதனாலதான் தம்பி கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்ல முடியல. கல்யாணத்துக்கு என்ன வேணும்? அதைத்தான் முதல்ல பாக்கணும்.

நம்ம ஊரு முகூர்த்தம் பல நேரம் விடியக்காலை நாலரை ஆறு. வெளியில இருட்டு, உள்ள மண்டபத்து விளக்கு. இந்த எல்.இ.டி. விளக்குல ஒரு தொல்லை இருக்கு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால பல விளக்குங்க செகண்டுக்கு நூறு தடவை கூடிக் குறையும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மிரர்லெஸ் கேமராவுல சத்தம் இல்லாம எடுக்கிற எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டா, பல கேமராவுல சென்சார் மேல இருந்து கீழ வரி வரியாப் படிக்கும். படிச்சு முடிக்கிறதுக்குள்ள விளக்கு ரெண்டு மூணு தடவை மங்கிப் பிரகாசிச்சுரும். பொண்ணோட பட்டுச் சேலை மேல கறுப்புக் கோடு கோடா விழும். தாலி கட்டுற செகண்டுல இது நடந்தா யார்கிட்ட போய் அழுறது? அதுக்கு வழி, மெக்கானிக்கல் ஷட்டர், 1/50 இல்லாட்டி 1/100. இதுக்கு ஒரு ரூபாகூடச் செலவில்ல, தெரிஞ்சிருந்தாப் போதும். வீடியோவுக்கும் இதே கணக்குதான்: 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50.

ஆனா 1/100-ல நிக்கணும்னா வெளிச்சம் வேணும். அங்கதான் எஃப் 2.8 ஸூம் வருது. கல்யாணத்துக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும்னா நான் அதைத்தான் சொல்வேன். எஃப் 5.6-ஐ விட நாலு மடங்கு வெளிச்சம், அகலமாவும் போகும், கொஞ்சம் கிட்டயும் போகும். ஃபுல் ஃப்ரேமுக்கு டாம்ரான் 28-75 எஃப் 2.8, அதோட முதல் மிரர்லெஸ் வெர்ஷன் 2018-ல வந்துச்சு, இப்ப பழசுல நிறைய கிடைக்குது. ஏ.பி.எஸ்-சிக்கு சிக்மா 18-50 எஃப் 2.8. உள்ளங்கைக்குள்ள அடங்குற சைஸ். நான் பாத்த லென்ஸுலயே காசுக்கு அதிக வேலை செய்யுறது அதுதான்னு தோணுது.

இப்ப பாடிக்கு வருவோம். ஏன்னா "பாடி முக்கியமே இல்ல, லென்ஸ்தான் எல்லாம்"னு சொல்லிட்டுப் போறதும் பொய். கல்யாணத்துல பாடி முக்கியம், ஆனா கடைக்காரர் சொல்ற காரணத்துக்காக இல்ல. மெகாபிக்சலை விடுங்க. கல்யாண ஆல்பம் வழக்கமா 12க்கு 36 இஞ்ச் ஷீட்டு, நடுவுல மடிச்சா ஒரு பக்கம் 12க்கு 18. இஞ்சுக்கு 300 புள்ளின்னு வச்சா 3600க்கு 5400, மொத்தம் 19 மெகாபிக்சல் சொச்சம். 24 மெகாபிக்சல் கேமரா அதுக்கே போதும். 24-ல இருந்து 33-க்குப் போனா நீளவாக்குல கூடுறது 17 சதவீதம்தான். மாமா அந்தப் படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பும்போது அதுவும் போயிரும்.

பாடியில நான் பாக்கச் சொல்றது கார்டு ஸ்லாட். ரெண்டு ஸ்லாட் இருந்தா ஒரே படம் ரெண்டு கார்டுலயும் எழுதும். ஒரு கார்டு செத்தாலும் கல்யாணம் தப்பிக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு கார்டு போய், நிச்சயதார்த்தம் முழுசும் போச்சு. பணத்தைத் திருப்பிக் குடுத்தாரு. பணம் போனதை விட, அந்த வீட்டுத் தெரு வழியாவே இப்ப போறதில்ல. 2018-ல நிக்கான் இஸட்6 வந்தப்ப உலகம் பூரா போட்டோகிராபர்கள் கத்துனது இதுக்குத்தான், அதுல ஒரே ஸ்லாட். 2020-ல இஸட்6 இரண்டாவது வெர்ஷன்ல ரெண்டாக்கிட்டாங்க. அதே 2018-ல வந்த சோனி ஏ7 மூணாவது வெர்ஷன்ல ரெண்டு இருந்துச்சு. ஏ.பி.எஸ்-சில கேனான் ஆர்7-ல ரெண்டு இருக்கு, ஆர்50-ல ஒண்ணுதான். யூடியூப் வீடியோவுக்கு ஆர்50 அழகான கேமரா. கூலி வாங்கிட்டு அடுத்தவங்க கல்யாணத்தை எடுக்க எனக்கு மனசு வராது.

அடுத்தது மவுண்ட். இதை யாரும் கடையில சொல்றதில்ல. பாடி நாலஞ்சு வருஷத்துல மாத்துவீங்க. லென்ஸு அப்படியே இருக்கும். அதனால நீங்க வாங்குறது கேமரா மாதிரி தெரியும், நிஜத்துல ஒரு மவுண்ட்டுக்குள்ள குடிபோறீங்க. கேனான் இ.எஃப் மவுண்ட் 1987-ல வந்துச்சு, நிக்கான் எஃப் 1959. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவுல லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல கண்ணாடி ஆடணும், அதனால இடைவெளி அதிகம். இ.எஃப்ல 44 மி.மீ., நிக்கான் எஃப்ல 46.5. மிரர்லெஸ்ல கண்ணாடியே இல்ல, அதனால சோனி இ மவுண்ட்ல 18, கேனான் ஆர்.எஃப்ல 20, நிக்கான் இஸட்ல 16. இந்த இடைவெளியை ஒரு வளையம் போட்டு நிரப்பிட்டா பழைய லென்ஸ் புது பாடியில உக்காரும். மறுபக்கம் நடக்காது. அதனால வீட்டுல, சித்தப்பா பரண்ல, பழைய இ.எஃப் லென்ஸ் கிடந்தா தூக்கிப் போட்டுறாதீங்க, ஒரு அடாப்டரோட கேனான் மிரர்லெஸ்ல ஆட்டோஃபோக்கஸோட ஓடும்.

இன்னொரு பக்கம், ஒரு மவுண்ட்டுக்கு வேற கம்பெனிக்காரங்க லென்ஸ் போடுறாங்களாங்கிறது உங்க பர்ஸை ரொம்பப் பாதிக்கும். சோனி இ மவுண்ட்ல சிக்மா, டாம்ரான்னு கடல் மாதிரி கிடக்கு. கேனான் ஆர்.எஃப்ல ரொம்ப வருஷம் கதவைச் சாத்தி வச்சிருந்தாங்க. 2024 ஏப்ரல்ல தான் சிக்மாவும் டாம்ரானும் ஆர்.எஃப்க்கு ஏ.பி.எஸ்-சி லென்ஸ் போடப் போறதா அறிவிச்சாங்க. நான் மேல சொன்ன 18-50 அதுல ஒண்ணு. பாடி ரெண்டாயிரம் ரூபாய் சல்லிசா கிடைக்குதுன்னு போய், லென்ஸுக்கு இருபதாயிரம் கூடக் குடுக்கிறது இப்படித்தான்.

இந்த இடத்துல ஒருத்தரைப் பத்திச் சொல்லியே ஆகணும். மா. கிருஷ்ணன். 1912-ல பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவோட பையன். இயற்கை பத்தி இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் எழுதுனவர், காட்டுயிர் போட்டோகிராபர், 1970-ல பத்மஸ்ரீ. யானையை எல்லாம் கறுப்பு வெள்ளையில எடுத்தவர். அவர் கேமரா என்ன மாடல்னு தேடிப் பாத்தேன், எக்ஸெல் புத்தி போகுமா. மாடலே இல்ல. பாடி ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேற கம்பெனி, மத்த பாகம் எல்லாம் அங்கிட்டு இங்கிட்டு இருந்து எடுத்து அவரே சேத்துக் கட்டுனது. அதுக்கு "சூப்பர் பாண்டரோசா"ன்னு ஒரு பேரு வேற வச்சிருந்தாரு. தன்னோட படத்துக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதைச் செய்யுற மாதிரி ஒரு கேமரா கடையில இல்ல, அதனால செஞ்சுக்கிட்டாரு. ஸ்பெக் ஷீட்டு யுத்தம் நடக்கிற இடத்துல எல்லாம் எனக்கு இந்த ஆளு ஞாபகம் வந்துருவாரு.

காட்டுயிர்னு சொன்னதும் அரிட்டாபட்டி. மதுரையில இருந்து மேலூர் போற வழியில. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகுன்னு மூணு முக்கியமான வேட்டைப் பறவைங்க அங்க இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம்னு ஒரு ஏலம் வந்து, ஊரே ரோட்டுல இறங்கி, 2025 ஜனவரியில மத்திய அரசு ரத்து பண்ணுச்சு. அது உங்களுக்கே தெரியும். இங்க எடுக்கிற பறவைப் படம் இன்ஸ்டாவுக்கு மட்டுமில்ல, "இந்த மலையில இது வாழுது"ன்னு நாளைக்கு யாராவது காட்ட வேண்டியிருந்தா அது ஒரு சாட்சி. அடையாளம் தெரியுற அளவுக்காவது படம் இருக்கணும்ல?

அரிட்டாபட்டியில நான் இதுவரைக்கும் சொன்ன கணக்கு அப்படியே தலைகீழ். அங்க எஃப் 1.8 எதுக்கும் உதவாது. காலை ஏழு மணி வெயில்ல எஃப் 6.3 தாராளம். பறவை பாறை உச்சியில இருக்கு, நம்ம கீழ. எட்டணும், அவ்வளவுதான். 400 மி.மீ. லென்ஸை ஏ.பி.எஸ்-சில போட்டா 600 மி.மீ. மாதிரி பார்வை. அதே லென்ஸை 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம்ல போட்டு அதே அளவுக்கு வெட்டுனா மிஞ்சுறது 10 மெகாபிக்சல் சொச்சம். ஏ.பி.எஸ்-சில அந்த இடத்துல முழுசா 24 இருக்கு. அரை விலை பாடி ஜெயிக்கிற இடம் இது. அதே சமயம், பறக்கிற வல்லூறோட கண்ணை விடாம பிடிக்கிற ஆட்டோஃபோக்கஸ் புது பாடியில இருக்கு, பழசுல இல்ல. அங்க பாடிக்குக் காசு குடுக்கிறதுல நியாயம் இருக்கு. ஒண்ணு மட்டும் எந்தக் காசுக்கும் வராது. ஒன்பது மணிக்கு மேல பாறை சூடாகி காத்து நெளிய ஆரம்பிச்சா, ஒண்ணரை லட்ச ரூபாய் லென்ஸும் கானல்நீரைத்தான் எடுக்கும். சீக்கிரம் எந்திரிங்க. எனக்கே நான் சொல்லிக்கிறேன்.

ஜல்லிக்கட்டும் அப்படித்தான். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர், இப்ப கீழக்கரை அரங்கம், எல்லாத்துலயும் நம்மள மாதிரி ஆளுங்க கேலரியிலதான். தை மாச வெயில்ல ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 5.6, ஷட்டர் 1/1600 கிடைச்சிரும். கிட்டோட வர்ற சாதா 55-200, 70-300 வகை ஸூமே போதும். காளை வாடிவாசலைத் தாண்டுற நேரம் கண்ணு சிமிட்டுற நேரம்தான், அதனால எந்தக் காளை எந்தப் பக்கம் திரும்பும்னு பக்கத்துல உக்காந்திருக்கிற பெரியவர்கிட்ட கேட்டு வச்சுக்கிறது செகண்டுக்கு இருபது ஃப்ரேமை விட உதவும்.

வெதர் சீலிங் பத்தி ரெண்டு வார்த்தை. அழகர் திருவிழாவுல வேஷம் கட்டுனவங்க தோல்பையில தண்ணி பீய்ச்சுவாங்க, கேமரா இருக்கேன்னு பாக்க மாட்டாங்க, பாக்கவும் கூடாது. பாடியில சீலிங் இருக்குன்னு பெருமையா நின்னு பிரயோஜனம் இல்ல, லென்ஸ் மவுண்ட்ல ரப்பர் வளையம் இல்லாட்டி தண்ணி அந்த வழியா உள்ள போகும். கிட் லென்ஸ் நிறையத்துல அந்த வளையம் கிடையாது. ஹோட்டல்ல குடுக்கிற ஷவர் கேப் ஒண்ணு பையில வச்சுக்கங்க. அப்புறம் வீடியோ. விளம்பரத்துல 4கே இத்தனை நிமிஷம் ஓடும்னு போடுறது 23, 25 டிகிரி அறையில சோதிச்ச கணக்கு. மே மாசம் மதுரையில மொட்டை மாடி ரிசப்ஷன்ல அந்தக் கணக்கை நம்பாதீங்க.

பழசு வாங்குறதைப் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. பழைய பாடிக்கு ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு பாருங்க, கல்யாண கேமரான்னா லட்சத்தைத் தாண்டி இருக்கும். தப்பில்ல, விலையில குறைச்சுக்கணும். பழைய லென்ஸுக்கு ஒரே சோதனை: மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் பாருங்க. தூசி நாலு இருந்தா ஒண்ணும் பண்ணாது. சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தா அது ஃபங்கஸ், விட்டுட்டு வந்துருங்க. புதுசு வாங்குனா ஜி.எஸ்.டி. பில்லும் இந்திய வாரன்டி கார்டும் இல்லாம "பத்தாயிரம் கம்மி"ன்னு யார் குடுத்தாலும் வேண்டாம். சர்வீஸ் சென்டர்ல அந்தப் பத்தாயிரத்தைக் கேப்பாங்க.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? திங்கக்கிழமை சாயங்காலம் போன் பண்ணேன். முக்கால் மணி நேரம் பேசுனோம். முதல்ல வட்டிக் கணக்கு. மாசம் நூத்துக்கு ஒரு ரூபான்னு வச்சாக்கூட 1,60,000-க்கு மாசம் 1,600. ஆடியில கல்யாணம் கிடையாது, மார்கழியில கிடையாது. வட்டிக்கு ஆடி மார்கழி எல்லாம் தெரியாது. இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசல.

அப்புறம் ஒண்ணு கேட்டேன். "இப்ப அசிஸ்டென்டா போறீங்கள்ல, அங்க அண்ணன் எந்த லென்ஸை அதிகமா மாட்டுறாரு?" தம்பி யோசிக்கவே இல்ல. "24-70 தான்ணே, எப்பவும் அதுதான். ஃபோட்டோ முழுக்க அதுலதான்." அந்த அண்ணன் பாடி எது? அதுக்குத்தான் யோசிச்சாரு. பழசு, ஆறேழு வருஷம் ஆச்சு, மாடல் சரியா ஞாபகம் இல்ல. ரெண்டு வருஷமா அந்த கேமராவைத் தூக்குற ஆளுக்கு பாடி மாடல் ஞாபகம் இல்ல!

நான் சொன்னது இவ்வளவுதான். சங்கிலி இப்ப வேண்டாம். சொந்தமா வர்ற முதல் மூணு வேலைக்கு கேமராவை வாடகைக்கு எடுங்க, மதுரையிலயே நாள் வாடகைக்குக் குடுக்கிறாங்க. ரெண்டு ஸ்லாட் பாடி ஒண்ணு, எஃப் 2.8 ஸூம் ஒண்ணு. வாடகையை பார்ட்டிகிட்ட வாங்குற அட்வான்ஸுல கட்டலாம். மூணு வேலையில மிஞ்சுனதையும் கையில இருக்கிறதையும் சேத்து முதல்ல லென்ஸ் வாங்குங்க. பாடியைக் கடைசியா வாங்குங்க, பழசா இருந்தாலும் பரவால்ல. அதுக்கப்புறமும் பத்தலைன்னா அப்ப அம்மாகிட்ட கேளுங்க, 1,60,000 தேவைப்படாது.

தம்பி முழுசா ஒத்துக்கல. "வாடகைக் கேமரான்னு தெரிஞ்சா பார்ட்டி மதிக்க மாட்டாங்கண்ணே. கையில பெருசா இருக்கணும்." இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவர் சொல்றது உண்மை. மண்டபத்துல கேமரா சைஸைப் பாத்து ரேட் பேசுறவங்க இருக்காங்க. அசிஸ்டென்டா நின்ன ஊரிலேயே சொந்தமா நிக்கப் போறவருக்கு அது என்னை விட நல்லாத் தெரியும். வாடகைக்கு எடுத்தாலும் பெருசா ஒரு பாடி எடுத்துக்கங்கன்னேன். சிரிச்சாரு.

ஆவணியில முதல் வேலை, சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம், செக்கானூரணியில. 2.8 ஸூம் வாடகைக்கு எடுக்கிறாரு. மணமகள் அலங்காரத்துக்கு, அந்த ரூம்ல வெளிச்சம் இருக்காதுல்ல, அதுக்கு என்னோட 50 எஃப் 1.8-ஐக் குடுத்து அனுப்பியிருக்கேன். ஆமா, 2023 மே மாசமே ஒண்ணு வாங்கிட்டேன், திருவிழா முடிஞ்ச அடுத்த வாரம். தம்பி, இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, அதோட முன்பக்க மூடி உங்ககிட்ட வரல, என் மேசையிலயே கிடக்கு. வந்து வாங்கிட்டுப் போங்க.

கீபோர்டு அடுத்த வாரம், நிச்சயமா.